பங்கர் ஹில்லில் வளர்ந்த முதியவர் சொன்னவை

லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் ஏஞ்சல்ஸ் ஃபிளைட் என்னும் கம்பிவட ரயிலில் ஏறி மேல் நிலையத்தில் இறங்கியபோது, அங்கே நின்றிருந்த முதியவர் ஒருவர், தாம் சிறுவயதில் பங்கர் ஹில் எனப்படும் இந்தக் குன்றின் வாடகை அறையொன்றில் பாட்டியுடன் வாழ்ந்தவர் என்று பேச்சைத் தொடங்கினார். சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்களே நின்றதால், முதலில் அவர் எந்த வீட்டைச் சொல்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை.

1867இல் ப்ரூடென்ட் போட்ரி என்பவர் இக்குன்றில் நிலம் வாங்கி, தண்ணீரை மேலேற்றி மனைகளாக்கி விற்றதையடுத்து, கூம்பு மாடங்களும் செதுக்கு மரவேலை நிறைந்த முன்தாழ்வாரங்களும் கொண்ட மாளிகைகள் இங்கே எழுந்தன. செல்வந்தர்கள் பிற்காலத்தில் வேறு பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட, அவை அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோர், கூலித் தொழிலாளர்கள், பிலிப்பினோக்கள், அமெரிக்கப் பூர்வகுடியினர் எனப் பலரும் குடியேறினர். முதியவரின் பாட்டி, கீழே கிராண்ட் சென்ட்ரல் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, பக்கத்துப் படிக்கட்டில் ஏறமுடியாத நாள்களில் இந்த ரயிலில்தான் வீடு திரும்புவாராம். ஒரு பெட்டி இறங்கும் எடையே மற்றொன்றை மேலே இழுக்க உதவும் ஏற்பாட்டில், 1901 முதல் இயங்கிய ரயில் அது. மாலையில் தாழ்வாரங்களில் அமர்ந்தபடியே எதிர்வீட்டாருடன் பேசுவார்கள் என்று சொன்னபோது அவர் குரல் உயர்ந்தது.

நகராட்சி இதை நலிந்த பகுதி என்று முடிவுகட்டி, 1959இல் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வீடுகள் இடிக்கப்பட்டதோடு குன்றின் உச்சியும் வெட்டிக் குறைக்கப்பட்டது. பங்கர் ஹில் அவென்யூவின் பழைய வீட்டுவரிசை முழுவதும் மறைந்தது. பழுதான வீடுகளைச் செப்பனிட்டிருக்கலாம் என்பதே என் உறுதியான எண்ணம். ஏனெனில், நடக்கும் தொலைவில் சந்தையும், கைக்கெட்டும் வாடகையும் அந்த முதியோருக்கு வேறெங்கும் எளிதில் கிடைத்திருக்காது. காசில், சால்ட் பாக்ஸ் எனப்பட்ட இரு வீடுகள் மட்டும் 1969இல், பழைய வீடுகளைப் பாதுகாப்பதற்கான ஹெரிட்டேஜ் சதுக்கத்துக்குப் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டன. அவையும் அதே ஆண்டு அக்டோபரில் தீவைப்பில் அழிந்தன.

அதே 1969இல் நிறுத்தப்பட்ட ரயில், 1996இல் அரைத்தெரு தெற்கே தள்ளி மீண்டும் அமைக்கப்பட்டது. ஆகவே, அங்கே செல்பவர்கள் மூன்றாம் தெருச் சுரங்கப்பாதையின் வாயிலுக்கும் நடந்து செல்லுங்கள். ரயில் முதலில் ஏறிய சரிவு அதன் பக்கத்தில்தான் இருந்தது.