வெண்டையிலும் துத்தியிலும் இருப்பது ஒரே வண்டுதானா?

வணக்கம். எங்கள் மாடித்தோட்டத்து வெண்டை இலைகளில் ஊசியால் குத்தியதுபோல் துளைகள். காரணம், எள்ளைவிடச் சற்றே பெரிய ஒரு வண்டு. தலையும் கழுத்துப் பகுதியும் செம்பழுப்பு; முதுகில் கருநீலப் பளபளப்பு. விரலை நீட்டினால் தெள்ளுப்பூச்சிபோல் துள்ளிவிடுகிறது. படமெடுக்க விட்டால்தானே!

பக்கத்துத் தொட்டியில் தானாக முளைத்த துத்தியிலும் அதே துளைகள், அதே நிறத்தில் வண்டு. வெண்டையும் துத்தியும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கத்தரியை அது சீண்டவே இல்லை. பூசணி வண்டாக இருக்க முடியாது. அது பெரியது, ஆரஞ்சு நிறம், துள்ளாது.

இரண்டு செடியிலும் இருப்பது ஒரே இனமா? எந்த உறுப்பைப் பார்த்துப் பிரித்தறிவது? துத்தியைப் பிடுங்கச் சொல்லிவிடாதீர்கள், அம்மா கீரைக்காக வைத்திருக்கிறார்.