மூணு பழைய ஆம்ப், ஒண்ணுக்குத்தான் காசு: எதை ரிப்பேர் பண்ணலாம்?

வணக்கம் நண்பர்களே. காசிமேட்டு வீட்டுப் பரண்ல அப்பாவோட ஆம்ப்ளிஃபயர் மூணு கிடக்கு.

முதலாவது முழுக்க டிரான்சிஸ்டர். வால்யூமைத் திருகினா கரகரன்னுது, இடது பக்கம் வந்து வந்து போகுது. கடல் காத்துல பின்பக்க சாக்கெட் எல்லாம் பச்சை பூத்திருக்கு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய்ஞ்ச கெப்பாசிட்டர்களை மாத்தினா எழுந்துக்கும்னு தோணுது.

ரெண்டாவதுதான் அப்பாவோட செல்லம். ஞாயித்துக்கிழமைன்னா மீன் குழம்பு வாசனையும் அதோட சத்தமும்தான் எங்க வீடு. ஆனா உள்ளே இருக்கிறது எஸ்டிகே ஐசி, அதாவது சத்தத்தைப் பெருக்குற பவர் பகுதி மொத்தமும் ஒரே கட்டியா வர்ற சில்லு. ஒரிஜினல் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ரிச்சி தெருவுல ஒரு கடையில "இருக்கு சார்"னு உடனே நீட்டினாங்க, அதான் பயமே. போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூணாவது ஜப்பான் உள்ளூர் மாடல், 100 வோல்ட். சித்தப்பா நேரா 230-ல சொருகிட்டாரு. டிரான்ஸ்ஃபார்மர் வெந்த நாத்தம் இன்னும் போகல. அதை விட்டுட்டேன்.

உள்ளே ஷார்ட் இருக்கான்னு பார்க்க, கரண்ட் வர்ற வழியில 100 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல போட்டுப் பார்த்தேன்; ஷார்ட் இருந்தா பல்பு மங்காம எரியும். முதலாவதுல பளிச்சுனு எரிஞ்சு மங்கிடுச்சு. ரெண்டாவதுல மங்கவே இல்ல. ஐசி ஷார்ட்தானா, இல்ல பவர் சப்ளையிலயும் பார்க்கணுமா?

புத்தி முதலாவதைச் சொல்லுது, மனசு கேக்கல. எஸ்டிகே மாத்தின அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் நம்பிக் கொடுக்கிற மாதிரி மெக்கானிக் யாராவது இருக்காங்களா?