ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் முடிந்தது 1877 இலா, அதற்கு முன்பேயா?

பேட்டன்ரூஜ்வாசி:

வணக்கம். லூசியானாவில் பேட்டன் ரூஜில் இருக்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பில் அமெரிக்க வரலாறு படிக்கிறாள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலையான கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும் ஓட்டும் கொடுத்து, தெற்கு மாநிலங்களைத் திரும்ப ஒன்றியத்தில் சேர்த்த காலம் இருக்கிறதே, ரீகன்ஸ்ட்ரக்‌ஷன், அது 1877 இல் முடிந்தது என்று அவள் புத்தகத்தில் ஒரே வரி. ஆனால் டீச்சர் கொடுத்த கட்டுரைத் தலைப்பு வேறு மாதிரி: முடிந்த வருடத்தை நீயே தேர்ந்தெடுத்து வாதாடு. வருடத்தில் வாதாட என்ன இருக்கிறது?

எனக்கு இதில் வேறொரு குழப்பம். சில வருடங்களுக்கு முன்பு ஷ்ரீவ்போர்ட் போகும் வழியில் கோல்ஃபாக்ஸ் என்ற சின்ன ஊரில் வண்டியை நிறுத்தினேன். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் மாநில அரசின் பலகை ஒன்று இருந்தது. 1873 ஏப்ரல் 13 அன்று இங்கு நடந்த கலவரத்தில் மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டார்கள், இது தெற்கில் கார்ப்பெட்பேக்கர்களின் (போருக்குப் பிறகு வடக்கிலிருந்து வந்தவர்களை இப்படித் திட்டுவார்கள்) மோசமான ஆட்சிக்கு முடிவு கட்டியது என்று எழுதியிருந்தது. பலகை 1873 என்கிறது, புத்தகம் 1877 என்கிறது. எதை நம்புவது?

கணக்குப்பிள்ளை:

மதிப்பெண்தான் முக்கியம் என்றால் 1877. 1876 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டில்டன், அதிபரை முடிவு செய்கிற தேர்வாளர் ஓட்டில் 184 வாங்கினார், ஜெயிக்க 185 வேண்டும். மிச்சம் 20 ஓட்டு யாருக்கு என்று தகராறு. காங்கிரஸ் 15 பேர் கமிஷன் போட்டது, அது 8க்கு 7 என்ற கணக்கில் இருபதையும் ஹேய்ஸுக்குக் கொடுத்தது. இவர் கறுப்பின மக்களுக்கு ஓட்டுக் கொடுத்த குடியரசுக் கட்சி. ஹேய்ஸ் பதவிக்கு வந்ததும் தென் கரோலினா, லூசியானா தலைமைச் செயலகங்களைக் காவல் காத்த ராணுவத்தை விலக்கினார். கதை முடிந்தது. திருப்புமுனை என்றால் இதுதானே?

ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா:

தம்பி பேட்டன்ரூஜ்வாசி, உங்கள் மகளின் டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நல்ல கேள்வி கொடுத்திருக்கிறார். நான் மதுரைப் பக்கம் எம்.ஏ. பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாற்றுத் தாள் பல வருடம் எடுத்தவள். அப்போது கையில் கிடைத்த கைடுகளில் எல்லாம் ஒரே கதைதான்: வடக்கிலிருந்து வந்த கொள்ளைக்காரர்கள், ஒன்றும் தெரியாத முன்னாள் அடிமைகள், காலியான கஜானா, கடைசியில் 1877 இல் விமோசனம். இது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் 1900க்குப் பிறகு பரப்பிய கதை. கைடு எழுதியவருக்கு டன்னிங் யார் என்றே தெரிந்திருக்காது, ஆனாலும் அவர் சொன்னதைத்தான் நாங்கள் மனப்பாடம் செய்யவைத்தோம். நீங்கள் பார்த்த பலகையும் அதே கதைதான்.

கோல்ஃபாக்ஸில் நடந்ததைப் பாருங்கள். 1872 ஆளுநர் தேர்தலில் இரண்டு தரப்பும் ஜெயித்ததாகச் சொன்னது. குடியரசுக் கட்சிப் பக்கம் நின்ற கறுப்பின ஆண்கள் நீதிமன்றக் கட்டடத்தைப் பிடித்து, சுற்றிப் பள்ளம் வெட்டிக் காவல் இருந்தார்கள். ஈஸ்டர் ஞாயிறு அன்று ஆயுதம் தாங்கிய வெள்ளையர் படை சின்ன பீரங்கி ஒன்றோடு வந்து கட்டடத்துக்குத் தீ வைத்தது. செத்தவர்களில் நிறையப் பேர் சரணடைந்த பிறகு சுடப்பட்டவர்கள். இதற்குப் பெயர் கலவரமா? இறந்தவர்கள் 60 முதல் 150 வரை என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். அந்த ஊர்க் கல்லறையில் 1921 இல் வைத்த தூண், இறந்த மூன்று வெள்ளையரை வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போராடிய வீரர்கள் என்று கூச்சமே இல்லாமல் சொல்கிறது. நீங்கள் பார்த்த பலகை 1950 இல் வைத்தது. 2021 இல் எடுத்துவிட்டார்கள். 2023 இல் கொல்லப்பட்டவர்களின் பெயர்களோடு புது நினைவுக்கல் வந்திருக்கிறது, அடுத்த தடவை நிறுத்திப் பாருங்கள்.

வருடத்துக்கு வருகிறேன். வருடத்தைச் சொன்னால் குற்றவாளியையும் சொன்னதாகிவிடும், வாதம் அங்கேதான். 1877 என்றால் வாஷிங்டனில் பேரம் பேசிய அரசியல்வாதிகள். 1873 என்றால் துப்பாக்கி எடுத்தவர்கள். நான் 1876 என்பேன். தேர்தலைச் சொல்லவில்லை, மார்ச் மாதத்துத் தீர்ப்பைச் சொல்கிறேன். கோல்ஃபாக்ஸ் கொலைகளுக்காக 97 பேர் மேல் மத்திய அரசு குற்றம் சாட்டியது. குற்றவாளி என்று தீர்ப்பானது மூன்றே பேர். அதையும் உச்ச நீதிமன்றம் க்ரூக்ஷாங்க் வழக்கில் ரத்து செய்தது. விடுதலையானவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த, அரசியல் சட்டத்தின் 14வது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனி மனிதர்களை இல்லை என்றார்கள். கொன்றவன் தனி ஆள் என்றால் மாநிலம்தான் கேட்க வேண்டும். மாநிலம் கேட்குமா? இதற்குப் பிறகு ராணுவம் இருந்தால் என்ன, போனால் என்ன?

ஆச்சரியம் என்னவென்றால், நியூ ஆர்லியன்ஸ் இறைச்சிக் கடைக்காரர்கள் போட்ட வழக்கில் இதே 14வது திருத்தத்தைச் சுருக்கிய தீர்ப்பு வந்தது 1873 ஏப்ரல் 14. கோல்ஃபாக்ஸுக்கு மறுநாள்!

கணக்குப்பிள்ளை சொன்ன கணக்கு சரி. ஆனால் 1877 வரும்போது குடியரசுக் கட்சி ஆட்சி என்று சொல்லிக்கொள்ள தெற்கில் மிஞ்சியிருந்தது தென் கரோலினா, லூசியானா, ஃப்ளோரிடா மட்டும்தான். மிசிசிப்பி 1875 இலேயே ஜனநாயகக் கட்சிக்குக் கை மாறிவிட்டது. அங்கே ஆளுநர் எய்ம்ஸ் ராணுவம் கேட்டார், அதிபர் கிராண்டின் அரசு அனுப்பவில்லை.

வட்டிக்கடை:

வாத்தியாரம்மா, நீங்கள் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டீர்கள், நான் பணத்தைப் பிடிக்கிறேன். 1873 செப்டம்பரில் ஜே குக் வங்கி விழுந்தது, ரயில்வே பத்திரங்கள் காகிதமாயின, வடக்கில் வேலை போனது. 1874 தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையைப் பிடித்தது. தெற்குக்கு ராணுவம் அனுப்பக் காசும் இல்லை, மனசும் இல்லை. கிராண்ட் ஏன் அனுப்பவில்லை? வடக்கில் தன் கட்சிக்காரர்களின் ஓட்டு போய்விடும் என்ற பயம். நீதிபதிகள் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா:

வடக்கு சலித்துப் போனது உண்மைதான். ஆனால் வடக்கின் சலிப்பையே காரணமாக வைத்தால் நாலு மில்லியன் விடுதலையான மக்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். கறுப்பின வரலாற்றாசிரியர் டு போய்ஸ் 1935 இல் புத்தகம் எழுதிச் சண்டை போட்டது இதற்குத்தான். அடிமைகள் தோட்டங்களை விட்டு வெளியேறியதே பொது வேலைநிறுத்தம் என்றார், கறுப்பின மக்களும் சேர்ந்து நடத்திய ஆட்சிகள் தெற்குக்கு இலவசப் பள்ளிக்கூடம் கொண்டுவந்ததை எடுத்துக் காட்டினார். அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் இதழ் அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரைகூடப் போடவில்லை. 1988 இல் வரலாற்றாசிரியர் எரிக் ஃபோனர் எழுதிய பிறகுதான் அந்தப் பார்வை வகுப்பறைக்குப் பரவலாக வந்தது. ஃபோனரும் 1877 இல்தான் முடிக்கிறார், ஆனால் டன்னிங் விமோசனம் என்றதை அவர் தோல்வி என்கிறார். ஒரே வருடம், நேர் எதிர்த் தீர்ப்பு. மகள் கட்டுரையில் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும்.

பேட்டன்ரூஜ்வாசி:

ரொம்ப நன்றி டீச்சரம்மா. மகள் படித்துவிட்டு 1876 எழுதுவேன் என்கிறாள். ஒரு சந்தேகம் கேட்டாள்: 1876க்குப் பிறகு லூசியானாவில் கறுப்பின மக்கள் ஓட்டே போடவில்லையா?

வட்டிக்கடை:

போட்டார்கள், அதுதான் வாத்தியாரம்மாவுக்கு இடைஞ்சல். 1896 இல் லூசியானாவில் பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1898 இல் புது மாநில அரசியல் சட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் அல்லது சொத்து வேண்டும். 1867 ஜனவரி 1க்கு முன்பு அப்பாவோ தாத்தாவோ ஓட்டுப் போட்டிருந்தால் விலக்கு. 1904 இல் மிஞ்சியவர்கள் 1,342. அப்புறம் எப்படி 1876 இல் முடிந்தது என்பீர்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா:

ஓட்டு இருந்தது, ஓட்டுப் போட்டவனை அடித்தால் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் 1898 இல் சட்டம் போட்டு எடுத்தபோது யாராலும் தடுக்க முடியவில்லை. இருந்தாலும் வட்டிக்கடைத் தம்பியின் அந்த இரண்டு எண்ணையும் மகள் கட்டுரையில் போட்டுவிட்டுப் பதில் சொல்லட்டும். டீச்சர் அதைத்தான் முதலில் கேட்பார்.