‘ஹல்சியன்’ என்னும் பெயரடையின் பொருளும் பிறப்பும்

நிலாவெளி வாசகி:
ஆங்கிலக் கட்டுரையொன்றைத் தமிழாக்கி வருகிறேன். திருகோணமலைத் துறைமுகத்தருகே கழிந்த தம் பிள்ளைப்பராயத்தை எழுதியவர் ‘ஹல்சியன்’ நாட்கள் என்கிறார். என்னிடமுள்ள அகராதி ‘அமைதியான’ என்று மட்டும் பொருள் தருகிறது. மார்கழியில் கடல் அடங்குவதைச் சொல்லும் கிரேக்கக் கதையிலிருந்து இச்சொல் பிறந்தது என்கிறார்கள். வாடையில் நம் கடல் கொந்தளிக்கும் மாதமல்லவா அது? அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

உவர்மலை ஆசிரியர்:
நீங்கள் கேள்விப்பட்டது சரியே, மகள். காற்றுகளை அடக்கி ஆளும் ஏயோலஸின் மகள் அல்சியோனி. அவளுடைய கணவன் சீயிக்ஸ், குறி கேட்பதற்காகக் கிளாரோஸுக்குக் கப்பலேறிப் போகையில் புயலில் மாண்டான். கனவில் அவனுருவம் வந்து செய்தி சொல்ல, விடிந்ததும் கரைக்கு ஓடியவள், அலைகளில் மிதந்து வந்த உடலைக் கண்டு கடலில் பாய்ந்தாள். தேவர்கள் இரங்கி இருவரையும் மீன்கொத்திகளாக்கினர் என்று உரோமப் புலவர் ஒவிட் பாடுகிறார். தங்களைத் தேவர்களின் அரசன் சியுஸ் என்றும் அரசி ஹீரா என்றும் அழைத்துக்கொண்ட செருக்குக்குத் தண்டனையாகவே பறவையுரு வந்தது என்று வேறொரு வழக்கும் உண்டு. எனக்கோ ஒவிட் சொல்லும் முடிவே நெஞ்சைத் தொடுகிறது: மாரியில் ஏழு நாட்கள் அவள் கடல்மேல் மிதக்கும் கூட்டில் அடைகாக்க, தகப்பன் பேரப்பிள்ளைகளுக்காகக் காற்றுகளை வெளியே விடாமல் காக்கிறான். ஒவிட்டுக்கு முன்பே அரிஸ்டாட்டில், பகல் மிகக் குறுகும் நாளுக்கு முன் ஏழும் பின் ஏழுமாகப் பதினான்கு நாட்களை ‘ஹல்சியன் நாட்கள்’ என்று குறித்திருக்கிறார்.

மூதூர் பறவை நோக்குநர்:
அது மத்தியதரைக் கடலின் காலக்கணக்கு. நமக்கு மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று வீசுவதால், கடல் படுப்பது சித்திரைக்குப் பிறகுதான். மீன்கொத்தி உண்மையில் மண்கரையில் வளை தோண்டியே முட்டையிடுகிறது. நம் குளக்கரைகளில் காணும் வெண்தொண்டை மீன்கொத்தியின் அறிவியற்பெயர் ஹல்சியன் சிமிர்னென்சிஸ். அதிலுள்ள சிமிர்னா இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம். சீயிக்ஸ் போகவிருந்த கிளாரோஸ் அதற்குத் தெற்கே இருந்தது.

கிண்ணியா மொழிபெயர்ப்பாளர்:
சகோதரி, ‘அமைதியான’ என்பது போதாது. ஆங்கிலத்தில் இச்சொல் பெரும்பாலும் கடந்துபோன இன்பமான காலத்தையே குறிக்கிறது. புயல்களுக்கு நடுவே வாய்த்த அமைதி என்ற கதையின் சாயலும் அதில் இருக்கிறது. கட்டுரை பின்னர் போர்க்காலத்தையும் பேசுமானால், ‘அலையடங்கியிருந்த அந்நாட்கள்’ என எழுதலாம்.

நிலாவெளி வாசகி:
மூவருக்கும் நன்றி. அடுத்த பத்தியே இடம்பெயர்வைப் பற்றியதுதான். ஆகவே அத்தொடரையே எடுத்துக்கொள்கிறேன்.