'ஷிகி' சுனாகோ: அவளை முதலில் பார்த்தபோது உங்களுக்கு என்ன ஆயிற்று?

அமாவாசை:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஷிகி' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்காதவர்கள் இந்த இழையை இப்போது படிக்க வேண்டாம். 22 அத்தியாயங்கள்தான், பார்த்துவிட்டு வாருங்கள். கடைசிக் காட்சி வரைக்கும் இங்கே பேசப்போகிறோம்.

நான் பார்த்தது கல்லூரி இரண்டாம் ஆண்டில். விடுதியில் அறைத்தோழி ஊருக்குப் போயிருந்த வாரம். ரத்தக்காட்டேரிக் கதை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. சொடோபா என்று ஒரு மலைக்கிராமம், சுமார் 1300 பேர், சுற்றிலும் ஃபிர் மரக்காடு. கல்லறையில் நடுகிற மரப்பலகை செய்து பிழைத்த ஊர். அந்தப் பலகைக்கும் ஜப்பானிய மொழியில் சொடோபா என்றுதான் பெயர். கொளுத்துகிற கோடையில் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். குன்றின் மேல் எழுந்த மாளிகைக்கு கிரிஷிகி குடும்பம் நடு இரவில் குடிவருகிறது.

அந்த ஊர்க் கோயிலின் இளம் பிக்கு செய்ஷின். நாவலும் எழுதுகிறவர். காட்டுக்குள் பாழடைந்து கிடக்கும் தேவாலயம்தான் அவர் தனியாக வந்து உட்காரும் இடம். அங்கே ஒரு ராத்திரி பதின்மூன்று வயது மதிக்கத்தக்க பெண் வந்து நிற்கிறாள். அவள்தான் கிரிஷிகி வீட்டுப் பெண் சுனாகோ. உங்கள் புத்தகங்களைப் படித்திருக்கிறேன் என்கிறாள். வெயில் பட்டால் ஆகாத நோய் தனக்கு என்கிறாள். அவர் குழந்தையைக் கூப்பிடுவதுபோல 'சான்' சேர்த்துக் கூப்பிட்டால், அப்படிக் கூப்பிட வேண்டாம், பிடிக்காது என்று சொல்லிவிடுகிறாள்.

அந்தக் காட்சிகளில் பல்லும் இல்லை, ரத்தமும் இல்லை. அவருடைய கதையைப் பற்றித்தான் இருவரும் பேசுகிறார்கள். தம்பியைக் கொன்ற அண்ணனும், செத்தும் அவனை விடாமல் பின்தொடரும் தம்பியுமாக அவர் எழுதிக்கொண்டிருக்கும் கதை. அண்ணன் ஏன் கொன்றான் என்று விடாமல் கேட்கிறாள். அவர் மணிக்கட்டில் இருக்கும் பழைய தழும்பும் அவள் கண்ணில் படாமல் போவதில்லை. இவ்வளவு கவனமாகப் படிக்கிற ஒரு வாசகி கிடைத்தால் எந்த எழுத்தாளருக்குத்தான் பிடிக்காது! எனக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று.

அப்புறம்தான் தெரிகிறது, அவள் அந்த ஊரைத் தேடி வந்ததற்குக் காரணமே அவர் எழுதிய ஒரு கட்டுரை. ஊர் மரணத்தால் சூழப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார். ஜப்பானில் ஏறக்குறைய எல்லோரையும் எரித்துவிடுகிறார்கள். சொடோபாவில் மட்டும் இன்னமும் புதைக்கிறார்கள். கடிபட்டுச் செத்தவர்கள் ரத்தக்காட்டேரியாக எழுந்து வர உடல் வேண்டுமே! அந்த இடத்தில் மடிக்கணினியை மூடிவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். திரும்ப அறைக்குள் போகக் கால்மணி நேரம் ஆயிற்று.

நீங்கள் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவள் உங்களைப் பிடித்தாள்?

இரவுப்பணி:

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், பெரும்பாலும் இரவு முறை. அதனால் எனக்கு இந்தக் கதையில் வழி டாக்டர் ஓசாகி. ரத்தசோகை என்று ஆரம்பிக்கிறது, சில நாளில் ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழக்கிறது, ஆள் போய்விடுகிறார். தொற்றுநோயோ என்று அவர் ஊர் வரைபடத்தோடும் இறப்புக் கணக்கோடும் மல்லாடுவதைப் பார்க்கும்போது, கூடவே நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நோயைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் மருத்துவரை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய அனிமே நான் வேறு பார்த்ததில்லை.

அதனால் சுனாகோவை நான் முதலில் பார்த்தது ஒரு நோய்க்கிருமியாகத்தான். ஆள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுடைய வேலை என் மேசைக்கு வந்துவிட்ட மாதிரி.

ஆனால் ஓசாகி தன் மனைவி கியோகோ எழுந்ததும் என்ன செய்கிறார்? அறுவைசிகிச்சை மேசையில் கட்டி, வாயை அடைத்து, எது இவளைக் கொல்லும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். கடைசியில் நெஞ்சில் மரமுளை. குறிப்பெடுக்கிற அவர் கை நடுங்கவே இல்லை. என் கைதான் நடுங்கியது. அவர் செய்தது ஊரைக் காப்பாற்ற என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தும் அதற்குப் பிறகு சுனாகோ வந்த காட்சிகளில், இவள் மட்டும்தானா இங்கே பயப்பட வேண்டியவள் என்ற கேள்வியோடுதான் பார்த்தேன்.

மலைமேடு:

அக்கா, எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மறைக்காமல் சொல்கிறேன்.

நான் வந்தது மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை வழியாக. ஓனோ ஃபுயுமியின் நாவல் வந்தது 1998இல். ஃபுஜிசாகி ரியூ அதைப் பிறகு 11 தொகுதிகளாக வரைந்தார். அந்த வரைகோடுகளில் எல்லோருக்கும் விசித்திரமான தலைமுடி, கூரான முகம். அதனால் முதலில் விளையாட்டாகத்தான் படித்துக்கொண்டு போனேன். தோரு செத்தபோது விளையாட்டு முடிந்தது. தோரு எழுந்து வந்து, தன் உயிர் நண்பன் நட்சுனோவின் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறானே, அழுதுகொண்டே கடிக்கிறானே, அதைப் படித்தபோது எனக்குப் பதினேழு வயது. எனக்கும் அப்படி ஒரு நண்பன் உண்டு. அவன் வீட்டு ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

தோருவை அதைச் செய்யவைத்தது யார்? மாட்டேன் என்றால் உன் குடும்பத்தைத் தொடுவோம் என்று மிரட்டிய கூட்டத்துக்குத் தலைவி யார்? அவள் தேவாலயத்தில் உட்கார்ந்து இலக்கியம் பேசிக்கொண்டிருக்கிறாள். அழுக்கு வேலையெல்லாம் அவளுடைய ஆள் தட்சுமி பார்த்துக்கொள்கிறான். ஒளிந்து வாழாத ஒரு ஊர் தனக்கு வேண்டும் என்ற ஆசையைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த ஊரில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்களே. பசிக்காக ஒருவரைக் கொல்வது வேறு, ஊரையே காலி செய்யத் திட்டம் போடுவது வேறு.

குரல்விரும்பி:

சின்னக் குறிப்பு. சுனாகோவுக்குக் குரல் கொடுத்த யூகி அவோய்க்கு, அனிமே வந்த 2010இல் 18 வயது. அதே ஆண்டில் 'டான்ஸ் இன் த வாம்பயர் பண்ட்' தொடரில் மினா டெபெஷ் என்ற ரத்தக்காட்டேரி அரசிக்கும் அவர்தான் குரல். நான் மினாவைக் கேட்டுவிட்டுத்தான் சுனாகோவுக்கு வந்தேன். மினா கட்டளையிடுவாள். சுனாகோவின் குரலில் கட்டளை கிடையாது, ஒரு களைப்பு இருக்கும். வாக்கியத்தின் கடைசியில் மூச்சு கொஞ்சம் தேய்ந்து போகும். எத்தனையோ வருடம் அதே வயதில் நின்றுபோன பெண் இப்படித்தான் பேசுவாள் என்று கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டேன்.

வாசல்விளக்கு:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் வழக்கத்தில் எரிப்பதில்லை, அடக்கம்தான். அம்மாச்சியை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தூக்கம் வராத இரவுகளில் எதையாவது ஓடவிட்டுப் படுத்திருப்பேன். அப்படித்தான் ஷிகி ஓடியது. சவப்பெட்டியைக் குழியில் இறக்குகிற முதல் காட்சியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

நீங்களெல்லாம் பயந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வந்தது பயம் இல்லை. இந்தக் கதையில் அவர்கள் தாமாக வீட்டுக்குள் வர முடியாது, உள்ளே இருப்பவர் அழைக்க வேண்டும். அம்மாச்சி வாசலில் வந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கு உடனே தெரிந்தது. உள்ளே வா அம்மாச்சி என்றுதான் சொல்வேன். ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன்.

சுனாகோ மீது எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அவள் அந்த ஊருக்குள் நுழைந்தது பல்லால் இல்லை. போனவர்கள் திரும்பி வரமாட்டார்களா என்று எல்லா வீட்டிலும் ஏங்குகிறார்களே, அந்த ஏக்கத்தின் வழியாக. அதிலும் எல்லோரும் எழுவதில்லை. யார் எழுவார்கள், யார் மண்ணோடு போவார்கள் என்பது அவள் கையிலும் இல்லை. கூடுதல் அத்தியாயம் 20.5இல் வரும் நாவோவைப் பாருங்கள். தன்னை அன்போடு ஏற்றுக்கொண்ட குடும்பம் தன்னோடு இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். அவர்களில் யாருமே எழவில்லை. அன்றைக்கு வெகுநேரம் அழுதேன். அம்மாச்சி போனபிறகு நான் சரியாக அழுதது அப்போதுதான்.

இரவுப்பணி:

வாசல்விளக்கு, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைமேடு தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுனாகோவின் வாதம் எளியது. நாங்கள் பகையால் கொல்லவில்லை, சாப்பிடாவிட்டால் செத்துவிடுவோம், உயிரோடு இருக்க ஆசைப்படுவது குற்றமா? இதற்கு எதிர்வாதம் ஓசாகியிடம் இல்லை. முளையும் சுத்தியலும் எடுத்த ஊர்க்காரர்களிடமும் இல்லை. பதில் சொன்னது நர்ஸ் ரிட்சுகோ. அவள் எழுந்தபோது, அவளோடு ஒன்றாக வேலை செய்த நர்ஸ் யாசுயோவையே கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார்கள். பசி உயிரைப் பிடுங்குகிறது. தொடவில்லை. நான் செவிலி, உயிரைக் காப்பாற்றுகிறவள் என்று இருந்துவிட்டாள். காவலுக்கு வைத்த தோருவே அவளைப் பார்த்து மாறிப்போகிறான். இருவரும் கை கோத்தபடி படுத்திருக்கும்போதுதான் ஊரார் வந்து முடிக்கிறார்கள்.

இரவு முறையில் வேலை பார்க்கிற செவிலியர்கள் பலரை எனக்குத் தெரியும். ரிட்சுகோ கற்பனை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மலைமேடு:

ரிட்சுகோவை நினைத்தால் என் கோபம் இன்னும் கூடுகிறது. முடியும் என்று அவள் காட்டிவிட்டாள்.

அமாவாசை:

முடியும், ஆனால் செத்துத்தான் காட்ட முடிந்தது தம்பி. அந்த விலையைப் பதின்மூன்று வயதில் கடிபட்ட ஒரு பெண்ணிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் செய்ததை மன்னிக்கவும் முடியவில்லை. செத்து எழுந்த ஊர்ப்பெண் மெகுமியை ஊரார் வண்டி ஏற்றிக் கொன்றதைப் பார்த்தபோதும் இதே நிலைதான். யார் பக்கம் நிற்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் மறுபடி முழுதும் பார்த்தேன். இந்த முறை கடைசி தேவாலயக் காட்சியில் ஒன்றைக் கவனித்தேன். காடு எரிகிறது. அவள் ஓடி வருவது முதன்முதலில் செய்ஷினைப் பார்த்த அதே இடத்துக்கு. எவ்வளவோ அமைதியாகப் பேசிய பெண், பயந்து அழுகிற வெறும் குழந்தையாகிவிடுகிறாள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார் என்கிறாள். அங்கே அவளைக் கொல்ல வந்த ஊர்க்காரர் ஓகாவாவை செய்ஷின் கொன்றுவிடுகிறார். ஒரு பிக்கு, ஒரு மனிதனை. அவர் கதையில் அண்ணன் ஏன் கொன்றான் என்று எத்தனை ராத்திரி கேட்டிருப்பாள்! இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் அவளைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, எரியும் ஊரை விட்டு வண்டியில் போகிறார். அடுத்து எந்த ஊர் என்று கதை சொல்லவில்லை. முதல் தடவை பார்த்தபோது, தப்பித்துவிட்டாளே என்று பதறினேன். இந்தத் தடவை பின்னிருக்கையில் அந்தப் பெட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சின்னதாக இருந்தது.