222-ஆ, 333-ஆ? எமுலேட்டர் வேகமும் பேட்டரியும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பேட்டரியை ரயில் நிலையங்களால் அளந்தவன் நான்.

2008-இல் வேலை சென்னையில், வீடு மதுரையில். மாதம் ஒரு முறையாவது எழும்பூரில் இரவு வண்டி ஏறுவேன். கையில் சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பி, பழைய தடித்த 1000 வரிசை. நான் ஏறும் பெட்டியில் சார்ஜ் போட வழி இல்லை. முழு சார்ஜுடன் ஏறி, பச்சை விளக்கு எந்த ஊரில் சிமிட்டத் தொடங்குகிறது என்று பார்ப்பதே ஒரு தனி விளையாட்டு.

பெரும்பாலும் ஜிபிஎஸ்பி எமுலேட்டரில் (ஒரு கருவியின் ஆட்டங்களை இன்னொன்றில் ஓட வைக்கும் நிரல்) நிண்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்கள்தான். அதன் மெனுவில் புராசஸர் வேகத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். பிஎஸ்பியின் புராசஸர் 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். ஆனால் 2007 மே மாதம் 3.50 ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) வரும் வரை சோனி ஆட்டங்களை 222-க்குள் கட்டிப்போட்டிருந்தது. ஹோம்புரூ, அதாவது சோனியின் அனுமதி இல்லாமல் சொந்த நிரல்கள், எழுதியவர்கள் அந்தக் கட்டை எப்போதோ அவிழ்த்துவிட்டார்கள். நானும் யோசிக்காமல் 333 வைத்தேன். விருத்தாசலம் நெருங்கும்போது விளக்கு சிமிட்டியது.

அடுத்த பயணத்தில் 222. வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறதே, நேரமும் அதே கணக்கில் நீளும் என்று மனக்கோட்டை. அரியலூரைத் தாண்டவில்லை. ஆட்டமோ கூட்டமான காட்சிகளில் இழுத்தது, ஒலி கரகரத்தது. ஒரு ஊர் கூடுதலாகப் போவதற்கு இவ்வளவு பத்தியமா என்று எரிச்சல் வந்தது. மூன்றாம் பயணத்தில் 333-க்கே திரும்பினேன். திரை வெளிச்சத்தை மட்டும் மூன்றாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு இறக்கினேன். (நான்காம் நிலை சார்ஜர் செருகியிருந்தால்தான் வரும், அதை நான் வீட்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.) வைஃபை சுவிட்சையும் தள்ளி அணைத்தேன். திருச்சி வந்தும் விளக்கு அசையாமல் எரிந்தது. எதிர்ப் படுக்கைப் பெரியவர் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று திட்டாமல் தூங்கியதும் அன்றுதான்.

வேகத்தைக் குறைத்து உண்மையிலேயே பலன் கண்டவர்கள் இருக்கிறீர்களா?

* * *

இருக்கிறேன், ஆனால் உங்கள் ஆட்டத்தில் இல்லை. நெஸ்டர்ஜே எமுலேட்டரில் பழைய நிண்டெண்டோ ஆட்டங்களை 222-இல்தான் ஓட்டுவேன். சில ஆட்டங்களுக்கு அதற்கும் கீழே போயிருக்கிறேன். ஒரு ஃபிரேமும் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று) தவறாது.

சூப்பர் நிண்டெண்டோ வேறு கதை. எனக்கு அது பல நாள் புரியாத புதிராகவே இருந்தது. அதன் புராசஸர் 3.58 மெகாஹெர்ட்ஸ், கேம்பாய் அட்வான்ஸுக்கோ 16.78. எண்ணைப் பார்த்தால் சூப்பர் நிண்டெண்டோ எளிதாக ஓட வேண்டும். நடந்தது நேர்மாறு. ஜிபிஎஸ்பி, ஆட்டத்தின் ஆர்ம் கட்டளைகளை ஒரு முறை பிஎஸ்பிக்குப் புரியும் மிப்ஸ் கட்டளைகளாக மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, பிறகு அவற்றை நேராக ஓட்டுகிறது. டைனாரெக் என்பார்கள். சூப்பர் நிண்டெண்டோ எமுலேட்டரோ ஒவ்வொரு கட்டளையையும் வந்த இடத்திலேயே படித்துப் பொருள் சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் ஒளி ஊடுருவும் அடுக்குகள், தனியாக ஓடும் ஒலிப் புராசஸர் வேறு. ஸ்நெஸ்9எக்ஸ்-டிஒய்எல் என்ற எமுலேட்டர் அந்த ஒலி வேலையை பிஎஸ்பிக்குள் இருக்கும் மீடியா எஞ்சின் என்ற இரண்டாவது புராசஸரிடம் தள்ளிவிட்டுத்தான் மூச்சு வாங்கியது. அப்படியும் யோஷீஸ் ஐலண்ட் ஆட்டத்தைப் போட்டால் 333-இலும் நடை தளர்ந்துவிடும். அந்த ஆட்டத்தின் அட்டைக்குள்ளேயே 21 மெகாஹெர்ட்ஸ் சூப்பர் எஃப்எக்ஸ் சிப் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதையும் சேர்த்து நடிக்க வேண்டும் அல்லவா!

இந்த ஒரு ஆட்டத்துக்காகப் பேட்டரியைக் கொட்டித் தீர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இழுக்கும் ஆட்டத்தை விட்டுவிடுங்கள். இழுத்தபடியே மூன்று மணி நேரம் விளையாடுவது தண்டனை.

* * *

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பிஎஸ்பிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். என்னிடம் இருந்தது கொரியாவில் செய்த ஜிபி2எக்ஸ். 200 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் புராசஸர், உள்ளே லினக்ஸ், மின்சாரத்துக்கு இரண்டு பென்சில் செல்.

கடையில் கிடைத்த சாதாரண ஆல்கலைன் செல்லைப் போட்டு, வேகத்தை 240-க்கு ஏற்றி ஒரு ஆட்டம் தொடங்கினேன். ரயிலில் நாலு நிறுத்தம் தாண்டுவதற்குள் திரை கறுத்துவிட்டது. செல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, தூக்கிப் போட மனமில்லாமல் அம்மாவின் சுவர்க் கடிகாரத்தில் போட்டேன். அது மாதக்கணக்கில் ஓடியது! அப்புறம்தான் விளங்கியது. ஆல்கலைன் செல்லுக்கு உள்தடை அதிகம். ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்துவிடும், கருவி செல் காலி என்று எண்ணி அணைந்துவிடும். கடிகாரம் கேட்பது துளி அளவு, அதனால் அதற்குக் குறையில்லை. மறுசார்ஜ் செய்யும் நிக்கல் செல்லில் எழுதியிருப்பது 1.2 வோல்ட்தான், ஆல்கலைனைவிடக் குறைவு. ஆனால் கேட்டதைக் கொடுக்கும். அதற்கு மாறிய பிறகுதான் நிம்மதியாக ஒரு ஆட்டத்தை முடித்தேன்.

இன்னொன்று. ஜிபி2எக்ஸில் வேகம் ஏற்றுவது சீட்டு எடுப்பது மாதிரி. என்னுடையது 240-க்கு மேல் உறைந்துவிடும். நண்பனுடையது 266-இல் சிரித்துக்கொண்டே ஓடியது. அதே ஆண்டு, அதே கடை.

* * *

முதல் பதிவு எழுதியவருக்கு: அரியலூர்க் கணக்கு தப்பில்லை. ஒரு காலத்தில் பிஎஸ்பிக்கு ஒரு சிறிய எமுலேட்டர் எழுதிப் பார்த்தவன் நான், வெளியிடும் தகுதி அதற்கு இல்லை. எழுதும்போது கற்றதைச் சொல்கிறேன்.

திரையில் விநாடிக்கு 60 ஃபிரேம். 333-இல் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 55 லட்சம் சுழற்சிகள் (புராசஸரின் துடிப்புகள்), 222-இல் 37 லட்சம். கேம்பாய் அட்வான்ஸ் ஒரு ஃபிரேமில் செலவிடுவது 2,80,896 சுழற்சிகள். அதன் ஒவ்வொரு சுழற்சிக்கும் 222-இல் நம் கையில் பதின்மூன்று இருக்கின்றன. தாராளம் போலத் தோன்றும், ஆனால் படம், ஒலி எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

ஃபிரேம் சீக்கிரம் முடிந்தால் மிச்ச நேரத்தில் எமுலேட்டர் என்ன செய்கிறது என்பதில்தான் பேட்டரியின் தலையெழுத்து இருக்கிறது. நான் முதலில் எழுதிய நிரல், "நேரம் ஆயிற்றா, நேரம் ஆயிற்றா" என்று கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டே சுழன்றது. பஸ் வரும் வரை நிறுத்தத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருப்பவனைப் போல. அப்படிப்பட்ட நிரலில் 333 வைத்தால் முழு 333-க்கும் தண்டம் அழ வேண்டும். பிறகு, திரை அடுத்த முறை புதுப்பிக்கப்படும் வரை உறங்கு என்று மாற்றினேன். வேலை இல்லாத நேரத்தில் புராசஸர் நின்றுவிடுகிறது. ஒரே ஒரு வரி மாற்றம்தான், அன்று மாலை பேட்டரி வற்றவே இல்லை என்று தோன்றியது.

உறங்கத் தெரிந்த எமுலேட்டரில் 222-க்கும் 333-க்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். ஒரு வேலைக்கு இத்தனை சுழற்சி வேண்டும் என்றால் வேண்டும். மின்னழுத்தம் மாறாதவரை சுழற்சி ஒன்றுக்கு ஆகும் செலவும் பெரிதாக மாறாது. சீக்கிரம் முடித்துவிட்டுத் தூங்கலாம், மெதுவாக முடித்துவிட்டுக் கொஞ்சம் தூங்கலாம். இன்றைய கைபேசி புராசஸர்கள் வேகத்தோடு மின்னழுத்தத்தையும் சேர்த்து இறக்குகின்றன. செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போவதால் அங்கே வேகக் குறைப்பு நன்றாகவே பலன் தரும்.

ஜிபிஎஸ்பியில் இன்னொரு வேடிக்கை. ஆட்டமே அடுத்த ஃபிரேமுக்காகக் காத்துக்கொண்டு சும்மா சுற்றும். உண்மையான கேம்பாயில் அது வெறும் காத்திருப்பு, எமுலேட்டருக்கு அதுவும் கடும் உழைப்பு. அந்தச் சுழல் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஆட்டவாரியாகக் குறித்து வைத்த கோப்பு ஒன்று கூடவே வரும். உங்கள் ஆட்டத்துக்கு அதில் வரி இருந்தால் எமுலேட்டர் அந்தச் சுழலைத் தாண்டிவிடும். இல்லையென்றால், நடிகர் உட்கார்ந்திருக்கும் காட்சிக்காக நாம் ஓடிக்கொண்டிருப்போம். 222-இல் உங்கள் ஆட்டம் இழுத்தது அதனாலும் இருக்கலாம்.

* * *

பேட்டரி என்றதும் என் காயம் நினைவுக்கு வருகிறது. சந்தையில் ஒரு கடையில் 3600 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பேட்டரி வாங்கினேன். அசல் பேட்டரி 1800, அதே அளவு, அதே பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு மடங்கு சரக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அசலின் பாதி நேரம் ஓடியது. மூன்றாம் மாதம் மூடி மூடவில்லை, உள்ளே வீங்கியிருந்தது. 222 வைத்தாலும் 333 வைத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

* * *

இப்போது கிடைக்கும் மியூ மினி பிளஸ் போன்ற கையடக்கக் கருவிகளில் 3000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, 1.2 கிகாஹெர்ட்ஸ். பழைய கவலை எதற்கு என்று நினைத்தேன். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க்கில் ரன்-அஹெட் என்று ஒரு வசதி. பொத்தான் அழுத்தம் திரையில் தாமதமாகத் தெரிவதைக் குறைக்க, ஒவ்வொரு ஃபிரேமிலும் எமுலேட்டரை முன்னே ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்து வரும். ஒரு ஃபிரேமுக்கு இரண்டு ஃபிரேம் உழைப்பு. எல்லா ஆட்டத்துக்கும் அதைப் போட்டு வைத்துவிட்டு, பேட்டரி ஏன் கரைகிறது என்று ஒரு வாரம் தேடினேன். நம் குணம் மாறவில்லை அண்ணா.

* * *

எல்லோருக்கும் நன்றி. எமுலேட்டர் எழுதியவர் சொன்னதைப் படித்ததும் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். என் ஆட்டத்தின் பெயர் அதில் இல்லை. பதினேழு வருடம் கழித்துத் தெரிந்து என்ன செய்ய!

வண்டிப் பயணங்கள் நின்றுபோயின, ஆனால் பிஎஸ்பி இன்னும் இருக்கிறது. பேட்டரி வீங்கியதும் எடுத்துவிட்டேன். சார்ஜர் வயரில் மட்டும் ஓடுகிறது. இப்போது மகன் விளையாடுகிறான். சுவரோரம் சாய்ந்து, 333-இல், நான் எந்த ரயிலிலும் பார்க்காத அந்த நான்காம் நிலை வெளிச்சத்தில். யாராவது வயரில் கால் தட்டினால் ஆட்டம் போய்விடும், அப்புறம் வீடே இரண்டுபடும்.