இசட்எஃப்எஸ்ஸில் 10 எம்பி ஃபைலுக்கு டியு 1 கேபி என்கிறது, ஏன்?

கேள்வி

வணக்கம். ஃபைல் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சொல்லும் டியு கட்டளை சரியான கணக்குத் தருகிறதா என்று பார்க்க, ஃப்ரீபிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். வெறும் பூஜ்யங்களைத் தரும் /டெவ்/ஜீரோவிலிருந்து, டேட்டாவை நகலெடுக்கும் டிடி கட்டளை மூலம் 10 எம்பி ஃபைல் ஒன்றை எழுதும். அடுத்த வரியிலேயே அந்த ஃபைல் மீது, விடையைக் கேபியில் தரும் டியு -கே ஓடும். விடை 10240க்குக் குறைந்தால் சோதனை தோல்வி.

யுஎஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் உள்ள மெஷினில் எந்தப் பிரச்சினையும் இல்லை. இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் உள்ள மெஷினில் டியு 1 என்கிறது. எல்எஸ் -எல் போட்டால் 10485760 பைட் என்று ஒழுங்காகக் காட்டுகிறது. ஃபைலைத் திறந்து படித்தாலும் எல்லாம் முழுசாக இருக்கிறது. இது டியுவில் உள்ள பிழையா (பக்)? பக் ரிப்போர்ட் போடுவதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

பதில் 1

முதலில் பிளாக்சைஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் ஏதாவது செட் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஃப்ரீபிஎஸ்டியின் டியு இயல்பாக 512 பைட் பிளாக்குகளில்தான் எண்ணும். அந்த வேரியபிளில் 1 எம்பி, 1 ஜிபி என்று இருந்தால் விடையும் அந்த அலகில் வரும். லினக்ஸில் உள்ள குனு டியு 1024 பைட்டில் எண்ணுவதால், ஸ்கிரிப்டை இங்கிருந்து அங்கே கொண்டுபோகிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள்.

கேட்டவர்

நன்றி. அந்த வேரியபிள் செட் ஆகவில்லை. -கே கொடுத்திருப்பதால் அது இருந்தாலும் பாதிக்காது. வேண்டுமென்றே செட் செய்தும் ஓட்டிப் பார்த்தேன், அதே 1தான்.

பதில் 2

டியு எதையும் தானாக அளப்பதில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் கர்னலிடம் ஸ்டாட் (ஃபைலைப் பற்றிய விவரங்கள்) கேட்கும், அதில் வரும் பிளாக் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணிக்கை ஃபைலின் நீளத்திலிருந்து வகுத்து எடுத்தது அல்ல, ஃபைல்சிஸ்டம் சொல்லும் எண். அதனால் டியுவை விட்டுவிட்டு, ஸ்டாட் கட்டளையில் -எஃப் கொடுத்து நீளத்தையும் பிளாக் எண்ணிக்கையையும் மட்டும் அச்சடித்துக் காட்டுங்கள்.

கேட்டவர்

நீளம் 10485760, பிளாக் 1.

பதில் 2

அப்படியென்றால் டியுவின் மேல் குற்றமில்லை. கர்னல் ஒரு பிளாக் என்கிறது, அதாவது 512 பைட். டியு -கே அதைக் கேபிக்கு மாற்றும்போது மேல்நோக்கி முழுமையாக்கும், அதனால்தான் 1. அந்த ஒரு பிளாக்கும் ஃபைலைப் பற்றிய குறிப்பு வைத்திருக்கும் டிநோடுக்கான கணக்கு. டேட்டாவுக்கு இன்னும் ஒரு பிளாக்கூட எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

ஏன் எழுதப்படவில்லை? இசட்எஃப்எஸ் எழுத்துகளை நினைவகத்தில் சேர்த்துவைத்து, மொத்தமாக ஒரு டிரான்ஸாக்‌ஷன் குரூப்பாக டிஸ்க்கில் இறக்கும். வேறு நெருக்கடி இல்லாவிட்டால் ஏறத்தாழ 5 வினாடிக்கு ஒருமுறை. விஎஃப்எஸ்.இசட்எஃப்எஸ்.டிஎக்ஸ்ஜி.டைம்அவுட் என்ற சிஸ்கண்ட்ரோல் (கர்னல் அமைப்பு) மதிப்பைப் பாருங்கள், 5 என்று இருக்கும். குரூப் இறங்கும்போதுதான் ஒவ்வொரு பிளாக்கும் கம்ப்ரஸ் ஆகும், எங்கே போய் உட்காரும் என்பதும் முடிவாகும். அதற்கு முன்னால் எத்தனை பிளாக் என்று கேட்டால் அதனிடம் விடை இல்லை, பழைய எண்ணைத்தான் தரும். யுஎஃப்எஸ்ஸோ எழுதும்போதே இடத்தை ஒதுக்கிவிடுகிறது, அதனால் அங்கே உங்கள் சோதனை தேறுகிறது.

பதில் 3

ஒரு சின்னச் சேர்க்கை. லினக்ஸில் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டமும் இப்படி இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடும் வகைதான். ஆனால் ஸ்டாட் கேட்கும்போது, ஒதுக்கக் காத்திருக்கும் பிளாக்குகளையும் கூட்டிச் சொல்லிவிடும். அதனால் அங்கே யாரும் இதைக் கவனிப்பதில்லை. இசட்எஃப்எஸ்ஸால் அப்படி முன்கூட்டிச் சொல்ல முடியாது, கம்ப்ரஸ் செய்து முடிக்காமல் அளவு தெரியாது.

கேட்டவர்

புரிந்தது, ரொம்ப நன்றி. ஆனால் டிடிக்கும் டியுவுக்கும் நடுவில் தாராளமாக நேரம் விட்டு ஓட்டினாலும் 1தான் வருகிறது. காலையில் எழுதிய ஃபைலுக்கு இப்போது கேட்டாலும் 1. இதற்கு அந்த 5 வினாடிக் கணக்கு ஒத்துவரவில்லையே?

பதில் 3

நீங்கள் /டெவ்/ஜீரோவிலிருந்து எழுதுகிறீர்கள், அதுதான் காரணம். அந்த டேட்டாசெட்டில் (இசட்எஃப்எஸ்ஸில் தனி அமைப்புகள் கொண்ட ஒரு ஃபைல்சிஸ்டம்) கம்ப்ரஷன் ஆன் ஆகியிருக்கும், ஃப்ரீபிஎஸ்டி இன்ஸ்டாலரே அப்படித்தான் அமைக்கும். கம்ப்ரஷன் இருந்தால், ஒரு பிளாக் முழுக்கப் பூஜ்யம் என்று தெரிந்தவுடனே இசட்எஃப்எஸ் அதை எழுதாமல் வெறும் ஓட்டையாகக் குறித்துவைத்துவிடும். உங்கள் ஃபைல் முழுக்க ஓட்டைதான், நாளைக்குக் கேட்டாலும் 1 கேபிதான். டிடிக்கு, தாறுமாறான பைட்டுகளைத் தரும் /டெவ்/ரேண்டமை உள்ளீடாகக் கொடுங்கள். அந்த டேட்டா சுருங்காது.

கேட்டவர்

ரேண்டமுக்கு மாற்றி, சற்றுப் பொறுத்துக் கேட்டேன். 10240ஐத் தாண்டி வருகிறது, அருமை!

மிச்சம் ஒன்றுதான். ஸ்கிரிப்டில் ஸ்லீப் 5 வைத்தால் சில நேரம் தேறுகிறது, சில நேரம் தோற்கிறது. ஃபைல் மீது எஃப்சிங்க் கட்டளை ஓட்டினால் உடனே டிஸ்க்குக்குப் போய்விடுமே என்று அதையும் சேர்த்துப் பார்த்தேன். அதற்கும் 1தான். இது எனக்குப் பிடிபடவில்லை.

பதில் 2

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், எஃப்சிங்க் எல்லாரையும் குழப்பும் இடம் இது. எஃப்சிங்க் வந்தால் இசட்எஃப்எஸ் முழு குரூப்பையும் இறக்குவதில்லை, இன்டென்ட் லாக்கில் பதிந்துவிட்டுத் திரும்பிவிடும். கடையில் வந்த வரவைச் சிட்டையில் குறித்துவிட்டு, பேரேட்டில் அப்புறம் ஏற்றுவது மாதிரி. மின்சாரம் போனாலும் உங்கள் டேட்டா பத்திரம், சிட்டையிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். ஆனால் டியு பார்ப்பது பேரேட்டை. அங்கே இன்னும் ஏறவில்லை.

ஸ்லீப் 5 நம்பகமில்லாததும் இதனால்தான். 5 வினாடி என்பது அடுத்த குரூப்பை எப்போது மூடுவது என்பதற்கான கணக்கு. மூடிய பிறகு டிஸ்க்கில் எழுதி முடிக்கும் நேரம் தனி, டிஸ்க்குக்கு வேலை அதிகமென்றால் அது நீளும். ஸ்லீப்பை எடுத்துவிட்டு, டிடிக்கு அடுத்த வரியில் இசட்பூல் சிங்க் போட்டு, பூலின் (இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பு) பெயரையும் கொடுங்கள். நடப்பில் உள்ள குரூப் டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருந்துதான் அது திரும்பும். சோதனைக்காக அந்த டைம்அவுட் மதிப்பை மட்டும் குறைக்காதீர்கள், பூல் முழுவதையும் அது பாதிக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் எண்ணைப் பார்த்து அதற்குச் சரியாகச் சமமா என்று ஒப்பிடும்படி எழுதிவிடாதீர்கள். டேட்டா எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் இன்டைரக்ட் பிளாக்குகளுக்கும் இடம் போகிறது. டேட்டாசெட்டில் காப்பீஸ் 2 என்று வைத்திருந்தால் டியு ஏறத்தாழ இரட்டிப்பாகக் காட்டும், அந்தக் கூடுதல் பிரதியும் அந்த ஃபைலின் கணக்கில்தான் சேரும். குறைந்தபட்சம் இவ்வளவு என்று மட்டும் பாருங்கள், நீங்கள் வைத்திருக்கும் 10240 எல்லையே போதும்.

பதில் 1

ஃபைல் நீளம்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் இவ்வளவு பாடு வேண்டாம், -ஏ ஆப்ஷன் (பெரிய எழுத்து ஏ) இருக்கிறது. டியு -ஏ -கே போட்டால் பிளாக்கை விட்டுவிட்டு நீளத்தை வைத்து 10240 என்று உடனே சொல்லும், கம்ப்ரஷன், ஓட்டை எதுவும் குறுக்கே வராது. குனு டியுவில் இதே வேலைக்கு அப்பாரண்ட்-சைஸ் என்ற நீண்ட ஆப்ஷன்.

கேட்டவர்

ஸ்கிரிப்டை இரண்டு சோதனையாகப் பிரித்துவிட்டேன். முதலாவது /டெவ்/ஜீரோ ஃபைல் மீது -ஏ ஓட்டி நீளத்தைப் பார்க்கிறது. இரண்டாவது ரேண்டம் ஃபைல் எழுதி, இசட்பூல் சிங்க் முடிந்ததும் பிளாக் கணக்கைப் பார்க்கிறது. இசட்எஃப்எஸ்ஸில் விடாமல் ஓட்டினேன், ஒருமுறைகூடத் தோற்கவில்லை. யுஎஃப்எஸ் மெஷினில் பூல் எதுவும் இல்லாததால், ஃபைல்சிஸ்டம் வகையைப் பார்த்து சிங்க் வரியைத் தாண்டிப் போகும்படி ஒரு இஃப் சேர்த்திருக்கிறேன். அங்கேயும் தேறுகிறது. பக் ரிப்போர்ட் போடவில்லை. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.